பரணில் இருக்கும் அந்தக் கட்டி

வாசகர் கடிதம்: டாக்டரம்மா, நான் காவேரிப்பட்டணம் பக்கத்தில் மாந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறவன். என் மச்சான் கடலூர்ப் பக்கம் யாரிடமோ வாங்கியதாகச் சொல்லி, ஒன்றேகால் கிலோ எடையில் சாம்பல் நிறக் கட்டி ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார். திமிங்கல வாந்தியாம். கிலோ ஒரு கோடி போகும், ஓசூரில் பார்ட்டி ரெடி, நீங்கள் மூன்று லட்சம் போட்டால் போதும் என்கிறார். ஊசியைக் காய்ச்சிக் குத்திக் காட்டினார். உருகியது, புகையும் வந்தது. நாலு நாளாகக் கட்டி எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. கொஞ்சம் சுரண்டித் தேனில் குழைத்துக் கொடுத்தால் அம்மாவின் இழுப்பு நின்றுவிடும் என்றும் சொல்கிறார். யாரும் திமிங்கலத்தைக் கொல்லவில்லை, அது தானாகக் கக்கியதுதானே, இதில் என்ன தப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்பதாவது படிக்கும் என் மகள் மட்டும், ‘அதுக்கு வயித்து வலி வந்திருக்குமாப்பா?’ என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நீங்கள் மாட்டு டாக்டர்தான் என்றாலும் முன்பு கடலோரத்தில் வேலை பார்த்ததாக எழுதியிருந்தீர்கள். என்ன செய்யட்டும்? பெயர் போட வேண்டாம்.

அண்ணா, வணக்கம்.

கடிதத்தின் கீழே நீங்கள் எழுதியிருந்த நம்பருக்கு அன்றைக்கே கூப்பிட்டுப் பேசினேன். போனில் சொன்னதைத்தான் இங்கேயும் முதலில் எழுதுகிறேன். இதே மாதிரிக் கட்டியோடும் இதே கதையோடும் நம் மாவட்டங்களில் இன்னும் யாராவது ஒருவர் ஒரு வீட்டுப் படி ஏறிக்கொண்டிருப்பார்.

பணம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கட்டியை வண்டியில் வைத்து ஓசூருக்குக் கொண்டுபோகாதீர்கள். ‘சும்மா காட்டிவிட்டு வரலாம்’ என்று கூப்பிட்டாலும் வேண்டாம். மச்சானிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தால், அது அடுத்த வீட்டுப் பரணுக்குத்தான் போகும். ஆற்றில் வீசுவது, அடுப்பில் போடுவது இரண்டும் கூடாது. தெரிந்த வக்கீல் ஒருவரோடு பேசிவிட்டு, அவரையும் கூட்டிக்கொண்டு பக்கத்து வனச்சரக அலுவலகத்துக்குப் போய் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுங்கள். யார், எந்தத் தேதியில், எத்தனை மணிக்குக் கொண்டுவந்தார் என்பதை இப்போதே ஒரு தாளில் குறித்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த செய்திகளை அழிக்காதீர்கள்.

ஏன் இவ்வளவு அவசரம் என்றால், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அப்படி. 1972இல் வந்த சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தக் கட்டி எந்தத் திமிங்கலத்திடமிருந்து வருகிறதோ அந்தத் திமிங்கலம் அதன் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கிற அதே இடத்தில் இருக்கிறது. முதல் அட்டவணை விலங்கு சம்பந்தப்பட்ட குற்றத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, கூடினால் 7 ஆண்டு சிறை; குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். இப்படிப்பட்ட பொருள் அரசின் சொத்து. அது யார் கைக்கு வந்தாலும் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவித்துவிட வேண்டும். உங்கள் வீட்டில் அந்தக் கெடு ஏற்கெனவே தாண்டிவிட்டது. தாண்டிவிட்டதே என்று பயந்து ஒளித்துவைத்தால் ஒவ்வொரு நாளும் சிக்கல் ஏறும். எந்த வார்த்தையில் எப்படி எழுதிக் கொடுப்பது என்பதற்குத்தான் வக்கீல் வேண்டும். நான் கால்நடை மருத்துவர், அந்த வேலை எனக்குத் தெரியாது.

மச்சான் உறவு என்று நீங்கள் தயங்குவது புரிகிறது. அண்ணியின் முகம் வாடும், நாளைக்கு ஒரு விசேஷத்தில் ஒன்றாக உட்கார வேண்டும். ஆனால் மச்சானும் யாரிடமோ பணம் கொடுத்து ஏமாந்தவராக இருக்கலாம். அவரையும் கூட்டிக்கொண்டு போகப் பாருங்கள். ஓசூரில் காத்திருக்கும் ‘பார்ட்டி’ மாறுவேடத்தில் வந்த அதிகாரியாக இருந்தால் அவர் கதி என்ன என்று யோசிக்கச் சொல்லுங்கள். பெங்களூரில் இப்படிப் பிடிபட்டவர்களைப் பற்றிப் பேப்பரில் எத்தனையோ தடவை வந்துவிட்டது.

சரி, அந்தக் கட்டி அசலா?

காய்ச்சிய ஊசி எதையும் நிரூபிக்காது. அசல் அம்பர்கிரிஸ், அதாவது ஊரில் திமிங்கல வாந்தி என்கிற பொருள், சூட்டில் கறுப்பாக உருகி ஒட்டும், புகையும் வரும். மெழுகும் உருகும், குங்கிலியமும் உருகும், புகை எல்லாவற்றிலும் வரும். கப்பலிலிருந்து கடலில் விழுந்த பாரஃபின் மெழுகு, உறைந்த பாமாயில், பழைய ரப்பர், கடற்பஞ்சு எல்லாமே அலையில் உருண்டு கரை ஒதுங்கும்போது சாம்பல் நிறக் கட்டியாகத்தான் இருக்கும். ஆய்வகத்தில் ஆம்பிரீன் என்ற வேதிப்பொருள் இருக்கிறதா என்று பார்த்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும். அந்தச் சோதனைக்கு நீங்களே எடுத்துக்கொண்டு அலையவும் கூடாது, வனத்துறை பார்த்துக்கொள்ளும். அசல் என்றால் வைத்திருப்பதே வழக்கு. போலி என்றால் மூன்று லட்சம் மோசடி, அதற்குப் போலீஸ் நிலையம் இருக்கிறது. இரண்டில் எதுவானாலும் உங்கள் மாந்தோப்பு அட்வான்ஸ் போனதுதான். சட்டப்படி விற்கவே முடியாத பொருளுக்குக் கிலோ ஒரு கோடி என்பது வாயால் சொல்கிற விலை.

அம்மா விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மீனம்பர் என்று பழைய வைத்தியத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உங்கள் பரணில் இருப்பது கப்பல் மெழுகா, தொழிற்சாலைக் கழிவா என்றே தெரியாதபோது, மூச்சுக்குத் திணறுகிற வயதானவருக்கு அதைச் சுரண்டிக் கொடுப்பீர்களா? இழுப்புக்கு அரசு மருத்துவமனையில் இன்ஹேலர் கொடுக்கிறார்கள். இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள்.

இப்போது, ‘தானாகக் கக்கியதுதானே’ என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். போனில் நான் அவசரத்தில் சொல்லாமல் விட்டது இதைத்தான்.

ஸ்பெர்ம் திமிங்கலம் என்று ஒன்று உண்டு. தமிழில் எண்ணெய்த் திமிங்கலம் என்கிறார்கள். பல் உள்ள திமிங்கலங்களில் இதுதான் பெரியது. ஆண் ஐம்பது அடிக்கு மேல் வளரும். ஒரு கிலோமீட்டருக்கும் கீழே, சூரிய வெளிச்சம் எட்டாத ஆழத்துக்கு மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கி, முக்கால் மணி நேரம்கூட அங்கேயே இருந்து கணவாய் பிடித்துத் தின்னும். கணவாயின் உடம்பில் பெரும்பகுதி சதைதான். வாயில் கிளி மூக்கு மாதிரி வளைந்த கறுப்பு அலகு ஒன்று இருக்கும், அது செரிக்காது. திமிங்கலத்தின் வயிற்றில் ஆயிரக்கணக்கில் அலகு சேரும், சேர்ந்ததை அவ்வப்போது வாய்வழியாகக் கக்கிவிடும். வாந்தி என்றால் இதுதான் வாந்தி. அம்பர்கிரிஸ் இதில் வருவதில்லை.

சில திமிங்கலங்களில், நூற்றில் ஒன்று என்று கணக்குச் சொல்கிறார்கள், அலகுகள் வயிற்றைத் தாண்டிக் குடலுக்குள் போய்விடுகின்றன. அங்கே கூர்முனைகள் குடலின் உள்சுவரை உறுத்த உறுத்த, மெழுகு மாதிரி ஒன்று அவற்றைச் சுற்றிப் படிந்து கட்டியாகிறது. பின்குடலில் மலத்தோடு இறுகி வருஷக்கணக்கில் வளர்கிறது. மலத்தோடு வெளியே வந்தால் உண்டு. வராமல் பின்வாசலை அடைத்துக்கொண்டால் குடல் கிழிந்து திமிங்கலம் செத்துவிடவும் கூடும். புதிதாக வெளிவந்த கட்டி கறுப்பாக, சாணி நாற்றத்தோடு இருக்கும். கடலில் பல வருஷம் மிதந்து வெயிலும் உப்பும் பட்ட பிறகுதான் சாம்பல் நிறமும் வாசனையும் வருகின்றன.

உங்களுக்குக் கோரோசனை தெரியும். குழந்தைக்கு உரசிக் கொடுப்பார்கள். அது மாட்டின் பித்தப்பையில் உருவாகும் கல். வாங்குகிறவர்களுக்கு அது மருந்து. மாட்டுக்கு அது நோய். அம்பர்கிரிஸையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். ஒரு நோயாளியின் குடலிலிருந்து வந்த பொருள் அது.

மாட்டையும் திமிங்கலத்தையும் சேர்த்துச் சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள். இரண்டும் தூரத்துச் சொந்தம். திமிங்கலத்தின் முன்னோர் குளம்புள்ள, நாலு காலில் நடந்த விலங்குகள். ஜம்மு காஷ்மீரின் காலாகோட் பகுதியில் ரங்கா ராவ் என்ற நம் நாட்டுப் புவியியலாளர் சேகரித்து வைத்திருந்த பாறைகளுக்குள் இந்தோஹியஸ் என்ற விலங்கின் எலும்புகள் இருந்தன. சுமார் 4.8 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, சருகுமான் மாதிரிச் சிறிய உருவம். அதன் காது எலும்பு அப்படியே திமிங்கலத்தின் காது எலும்பைப் போலத் தடித்திருந்ததை வைத்து, 2007இல் இந்த உறவு இன்னும் தெளிவாயிற்று. திமிங்கலத்துக்கும் மாட்டைப் போல வயிற்றில் பல அறைகள் உண்டு. அதனால்தான் கரை ஒதுங்கிய திமிங்கலத்தை அறுத்துப் பார்க்க எங்களைப் போன்ற மாட்டு டாக்டர்களைக் கூப்பிட்டால், கத்தி வைத்த கொஞ்ச நேரத்தில் எங்களுக்கு வழி தெரிந்துவிடுகிறது.

எனக்கு அப்படி ஒரு நாள் வாய்த்தது. தருமபுரிக்கு மாற்றலாகி வருவதற்குப் பல வருஷம் முன்பு, தென்கடற்கரையில் ஒரு கிராமத்து மருந்தகத்தில் இருந்தேன். விடியற்காலை வனக்காவலர் வந்து கூப்பிட்டார். பெண் எண்ணெய்த் திமிங்கலம், முப்பது அடிக்குக் கொஞ்சம் மேல். ஈர மணலில் ஒருக்களித்துக் கிடந்தது. தலைக்குப் பின்னால் தோல் முழுக்கச் சுருக்கம், தண்ணீரில் வெகுநேரம் ஊறிய விரல் நுனியைப் போல. தொட்டபோது குளிர்ந்திருந்தது. ஆனால் தோலுக்கு அடியில் ஒரு சாண் கனத்துக்குக் கொழுப்பு இருந்ததால், உள்ளே கைவிட்டால் கை பொறுக்க முடியாத சூடு. செத்த திமிங்கலம் வேகமாக அழுகுவது அந்தச் சூட்டினால்தான். வந்து சேர்ந்தபின் ஒவ்வொரு மணி நேரமும் எங்களுக்கு முக்கியம்.

நாங்கள் போவதற்குள் வேறு யாரோ வந்து போயிருந்தார்கள். கீழ்த்தாடைப் பற்கள் இல்லை. வயிறு குறுக்காக வெட்டப்பட்டு, குடல் மணலில் இருபதடிக்கு இழுத்துப் போடப்பட்டிருந்தது. பின்குடலை மட்டும் நீளவாக்கில் கீறியிருந்தார்கள். எதைத் தேடினார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு திமிங்கலம் எதனால் செத்தது என்று பார்ப்பதற்கு ஒழுங்கு உண்டு. தோலுக்கு அடியில் இரத்தக்கட்டு இருந்தால் கப்பல் மோதியிருக்கும். துடுப்பிலும் வாலிலும் கயிறு அறுத்த தழும்பு இருந்தால் வலை. நுரையீரல், காது, இரைப்பையின் ஒவ்வொரு அறை, குடல் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து, ஒவ்வொன்றிலும் துண்டு எடுத்துப் பாட்டிலில் போட வேண்டும். அன்றைக்கு வயிற்றிலிருந்து வந்தது எது, மணலில் கிடந்தது எது என்று பிரிக்க முடியவில்லை. மீனவப் பெண்கள் இரண்டு பேர் குடத்தில் கடல் தண்ணீர் மொண்டு ஊற்ற ஊற்ற, மதியம் வரைக்கும் கழுவிப் பார்த்தேன். கணவாய் அலகுகள் கைநிறையக் கிடைத்தன. ஒரு பச்சை நைலான் கயிறு கிடைத்தது. அது உள்ளே இருந்ததா, கரையில் ஏற்கெனவே கிடந்ததா? பிரேதப் பரிசோதனைப் படிவத்தில் ‘இறப்புக்கான காரணம்’ என்ற கட்டத்தில் ‘கண்டறிய இயலவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த ஒரு வரி இன்னும் என்னை உறுத்துகிறது. நடுக்கடலில் வாழும் அந்தப் பிராணிக்கு என்ன கஷ்டம் என்று மனிதர்கள் தெரிந்துகொள்ளக் கிடைத்த ஒரே வாய்ப்பு அது. கோடி ரூபாய்க் கதையை நம்பின யாரோ அதை அழித்துவிட்டார்கள்.

யாரும் கொல்லவில்லை என்கிறீர்கள். உங்கள் கட்டிக்காகக் கொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் இருபதாம் நூற்றாண்டில் மட்டும் ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணெய்த் திமிங்கலங்களை வேட்டையாடினார்கள். முக்கியமாகத் தலையில் இருக்கும் எண்ணெய்க்காக. அறுக்கும்போது குடலில் கட்டி கிடைத்தால் அது கூடுதல் லாபம். 1979இல் இந்தியப் பெருங்கடலைத் திமிங்கலச் சரணாலயமாக அறிவித்தார்கள். 1982இல் எடுத்த முடிவின்படி 1986 முதல் வியாபார வேட்டைக்கு உலக அளவில் தடை வந்தது. பெண் திமிங்கலம் ஒரு வருஷத்துக்கும் மேல் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும், அடுத்த குட்டிக்கு நாலைந்து வருஷம் ஆகும். ஏழரை லட்சம் எப்படித் திரும்பும் என்று மாடு வளர்க்கிற யாரும் கணக்குப் போட்டுவிடலாம். வாசனைத் தொழிலுக்கும் இப்போது இந்தக் கட்டி தேவையில்லை. கிளாரி சேஜ் என்ற செடியிலிருந்து அதே மணத்தைத் தயாரிக்கும் வழி வந்து எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இருந்தும் பரணுக்குப் பரண் இது சுற்றும்வரை, கரை ஒதுங்கும் ஒவ்வொரு உடம்பையும் டாக்டருக்கு முன்னால் அரிவாள் எட்டிவிடும்.

கடலே இல்லாத கிருஷ்ணகிரியில் உட்கார்ந்துகொண்டு திமிங்கலத்துக்கு நான் என்ன கெடுதல் செய்தேன் என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு ஓடும் தென்பெண்ணை கடலூர் அருகே கடலில் சேர்கிறது. மச்சான் கட்டி வாங்கிய அதே கடலூர்தான். கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதை நாம் எல்லோரும் டிவியில் பார்த்தோம், பேசினோம். நுரை கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாமல் போகிற ஒன்றைச் சொல்கிறேன்.

2012இல் ஸ்பெயின் நாட்டின் கிரானடா கடற்கரையில் ஓர் எண்ணெய்த் திமிங்கலம் செத்து ஒதுங்கியது. வயிற்றுக்குள் சுமார் 17 கிலோ பிளாஸ்டிக். பெரும்பகுதி பாலிஹவுஸ், அதாவது பயிர் வளர்க்கும் பாலித்தீன் கூடாரத்தின் கூரைக்குப் போடும் ஷீட். கூடவே தண்ணீர்க் குழாய், இரண்டு பூந்தொட்டி. அடைப்பினால் இரைப்பை கிழிந்து செத்திருந்தது. அந்தக் கடற்கரைக்குப் பக்கத்தில் அல்மேரியா என்ற ஊர், கண்ணுக்கு எட்டிய வரை பாலிஹவுஸ். அதைப் படித்தபோது எனக்கு ஓசூரும் தளியும்தான் ஞாபகத்துக்கு வந்தன. ரோஜாவுக்கும் குடைமிளகாய்க்கும் போட்ட ஷீட் வெயிலில் நைந்து கிழிந்ததும் ஓடைக்கரையில் மடித்துப் போட்டுவிடுகிறோம். தக்காளித் தோட்டத்து மல்ச்சிங் ஷீட், சொட்டுநீர்க் குழாய், உங்கள் மாந்தோப்பில் கட்டும் நைலான் கயிறு எல்லாம் அப்படித்தான். மழை வந்தால் ஓடை, ஓடையிலிருந்து ஆறு.

திமிங்கலம் வரை போகவே வேண்டாம். போன மாசம் தருமபுரி டவுனில் தெருவில் மேயும் பசு ஒன்று வயிறு உப்பி வந்தது. விலாவில் கீறி, முழங்கைக்கு மேல் கையை விட்டு எடுத்தேன். பாலித்தீன் பை, சாக்குத் துணி, ஒரு செருப்பு வார், எல்லாம் பின்னிப் பிணைந்து பாய்ச்சுருள் மாதிரி. மூன்று பக்கெட் நிறைந்தது. ஆகவே அண்ணா, பழைய ஷீட்டையும் குழாயையும் ஒரு மூலையில் சேர்த்து வைத்துப் பழைய சாமான் கடைக்குப் போடுங்கள். உங்கள் பக்கத்துத் தோட்டக்காரர்களிடமும் சொல்லுங்கள். இது உங்கள் கையில் இருக்கிற வேலை.

கடைசியாக, உங்கள் மகளின் கேள்வி. அதை நீங்கள் நடுவில் ஒரு வரியாக எழுதியிருந்தீர்கள். எனக்கு முழுக் கடிதத்திலும் அதுதான் பெரிய கேள்வி.

வலித்திருக்கும், பாப்பா. குடலடைப்பு வந்த மாடு முதுகை வில் மாதிரி வளைத்துக்கொண்டு நிற்கும், பல்லைக் கடிக்கும், பின்னங்காலால் வயிற்றை உதைத்துக்கொள்ளும், தீவனத்தைப் பார்க்கவே பார்க்காது. நாம் பக்கத்தில் இருப்பதால் நமக்குத் தெரிகிறது. திமிங்கலத்துக்கும் நம்மைப் போலவே நரம்பும் குடலும் உண்டு. அதன் குடலுக்குள் அலகு உறுத்தாமல் மெழுகு படியாது. கட்டி சின்னதாக இருந்து வெளியே வந்துவிட்டால் அது பிழைத்து இன்னும் பல வருஷம் நீந்தியிருக்கலாம். ஒன்றேகால் கிலோ என்றால், அசலாக இருக்கும்பட்சத்தில், அது பெரிய திமிங்கலத்துக்கு அப்படி ஒன்றும் பெரிய கட்டி இல்லை.

திமிங்கலத்துக்கு டாக்டர் ஆக முடியுமா என்று அவள் போனில் பின்னாலிருந்து கேட்டது எனக்குக் கேட்டது. முடியும். பன்னிரண்டாவதில் உயிரியல் எடுத்துப் படிக்க வேண்டும், அப்புறம் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் இளநிலை, அதன் மேல் வனவிலங்கு மருத்துவம். முதல் ஐந்து வருஷம் மாடும் ஆடும்தான் கைக்கு வரும், சலித்துக்கொள்ளக் கூடாது.

அதுவரைக்கும் ஒன்று செய்யுங்கள் அண்ணா. ஞாயிற்றுக்கிழமை மீன் கடையில் கணவாய் வந்தால், சுத்தம் செய்யாமல் முழுசாக ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள். கைகள் எல்லாம் கூடும் இடத்தில் நடுவில் அழுத்தினால் அலகு வெளியே வரும், சின்னதாக, கறுப்பாக. கழுவி அவள் உள்ளங்கையில் வையுங்கள். நுனியை விரலால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.